பூனைக்குக் கட்டிக்கொடுத்த கருவாடு

செத்துப்போன பூனையின் சேட்டைகளைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவள் நான். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஏழெட்டு மாதம். இன்றைக்கு நினைத்தாலும் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிடுவேன். எழுந்து எங்கே போவது என்றும் தெரியாது. அடுப்படிக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும், காலையில் கறுத்த முடியோடு போன மனிதர் சாயங்காலம் நரைத்துப்போய் வருவார். நான் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணி போடுகிற கூடை ஒன்று இருந்தது. ஒரு மழைநாளில் தானாக வந்து அதற்குள் படுத்துக்கொண்டதுதான் அந்தப் பூனை. சாம்பல் உடம்பு. முன்காலில் ஒன்று மட்டும் மாவில் தோய்த்த மாதிரி வெள்ளை. விரட்டினேன், போகவில்லை. மறுநாளும் விரட்டினேன். மூன்றாம் நாள் சோறு வைத்தேன்.

பெயரெல்லாம் வைக்கவில்லை. "ஏட்டி, வழியில படுக்காதட்டி" என்று நான் வைததையே அது பெயராக எடுத்துக்கொண்டது. ஏட்டி என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வரும். வீட்டுக்காரரும் அதை அப்படியே கூப்பிட்டார். என்னைக் கூப்பிடும்போது 'இந்தா' என்பதோடு சரி. கட்டிய மனைவியை ஏட்டி போட்டுக் கூப்பிட அவருக்குக் கூச்சம். "பூனைக்கு இருக்கிற உரிமை கூட எனக்கு இல்ல" என்று நான் இடித்துக்காட்டினால் மீசைக்குள் சிரிப்பார்.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே அப்பாவுக்குப் பால்கோவா கிண்டுகிற வேலை. அடுப்பு முன்னால் நின்று நின்று அவருடைய கையில் பால் வாடை ஊறியிருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாது. எங்களைப் பார்க்க வந்தால் பூனை ஓடிவந்து அவருடைய பத்து விரலையும் ஒன்று விடாமல் நக்கித் தீர்த்துவிடும். "போதும் தாயே, தோலு உரிஞ்சிரும்" என்று கெஞ்சுவார். கையை மட்டும் எடுக்கமாட்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். பூனையையும் கொண்டுபோகிறேன் என்றேன். வளைகாப்புக்காகச் சோழபுரத்திலிருந்து வந்திருந்த மாமியார், "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல பூனையா? ஒரு மசுரு வயித்துக்குள்ள போனா பிள்ளைக்கு ஈழை இழுப்பு புடிக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனோம். பூனை பின்னாலேயே வந்தது. வழக்கமாகத் தெரு முனையோடு நின்றுவிடும். அன்று மெயின் ரோட்டையும் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற புங்கமரத்தடிவரை வந்துவிட்டது. லாரிகள் பறக்கிற ரோடு. எனக்குப் பதறிப்போயிற்று. "வீட்டுக்குப் போ ஏட்டி!" என்று கத்தினேன். அசையவில்லை. குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, ஒரு பொடிக்கல்லை எடுத்து எறிந்தேன். மேலே படவில்லை. இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் கடைசியாக அதற்குக் கொடுத்தது அந்தக் கல்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்காரர் என்னைப் பார்க்க வருவார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்குமுன்னே "பூனை எப்படி இருக்கு?" என்று கேட்பேன். முதல் ஞாயிறு கொஞ்சம் தடுமாறினார். "அதுக்கென்ன, நல்லா இருக்கு" என்றார். நான் அதோடு விடுகிற ஆளா? என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது, கூடைத் துணியை மாற்றிப் போட்டீர்களா என்று நச்சரித்து எடுத்தேன். அடுத்த வாரம் தயாராக வந்தார். வாயே திறக்காத மனிதர் கதை கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். பால் சொம்புக்குள் தலையை விட்டு, எடுக்க முடியாமல் சொம்போடு தெருவெல்லாம் ஓடியதாம். தையல் மெஷின் மிதியில் ஏறி நின்று ஆடி, வெறும் மெஷினை ஓட்டியதாம். பக்கத்து வீட்டில் ஒரு நாய் உண்டு. ராஜபாளையம் என்று ஊர்ப் பெயரையே கொண்ட ஜாதி, வெள்ளைவெளேரென்று இடுப்புயரம் நிற்கும். அதன் மூக்கில் பூனை ஒரு அறை விட்டதும் நாய் ஊளையிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்ததாம்.

அந்த நாய்க்கதையை ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு முழுக்கச் சொன்னேன். என் பிள்ளை பரிசு வாங்கிவிட்டது போல அப்படி ஒரு பெருமை. பிரசவமான பத்தாம் நாள் திரும்பவும் சொல்லச்சொல்லிக் கேட்டு, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

"என்னையத் தேடுதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எங்க தேடுது? உன்னையச் சுத்தமா மறந்துருச்சு" என்றார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நன்றிகெட்ட கழுதை என்று வைதேன். அன்று முழுக்கக் கோபமாக இருந்தேன். தெரு நாய் பூனை எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அதன் வாயைக் கட்டிப்போட மனம் வரவில்லை. முதல் வாரத்திலிருந்தே சனிக்கிழமைதோறும் அப்பா பூனைக்காக நெத்திலிக் கருவாடு வாங்கி வருவார். நான் அதைப் பழைய பேப்பரில் மடித்து, அந்த வாரம் பொழுதுபோகக் கையால் எந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைத்தேனோ அந்த நூலால் கட்டுவேன். ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் அரக்கு, ஒரு வாரம் ஊதா. ஞாயிறு சாயங்காலம் பொட்டலம் வீட்டுக்காரரின் பைக்குள் போகும்.

"மறக்காம வைங்க மாப்ள. பூனைப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்" என்பார் அப்பா.

"வச்சிருவோம் மாமா" என்பார் இவர்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். மாமனார் மருமகன் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரசவமான ஐந்தாம் மாதம் பெண்குழந்தையோடு ராஜபாளையம் திரும்பினேன். வாசலில் ஆரத்தி சுற்றும்போதே ஆட்களின் தலைக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தேன். உள்ளே போனதும் நேராகக் கூடையிடம் போனேன். அதில் தூசிதான் இருந்தது. "வெளிய சுத்தப் போயிருக்கும், வரும்" என்றார் வீட்டுக்காரர். மறுநாளும் அதையே சொன்னார். எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூடக் கண் வாசலிலேயே இருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போய் "ஏட்டி, ஏட்டி" என்று கூவிவிட்டு வந்தேன். குழந்தையைப் பார்க்க வந்திருந்த மாமியார் மேல் சந்தேகம் வந்தது. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய், திரும்பி வர வழி தெரியாதபடி பிளவக்கல் அணைப் பக்கம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பேரப்பிள்ளைக்காக மாமியாரே சொல்லி விட்டிருப்பாரோ என்று அவர் முகத்தை முகத்தைப் பார்த்தேன். பாவம், அவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

மூன்றாம் நாள் பின்பக்கம் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். விறகு போட்டிருந்த கொட்டகையிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. விறகை ஒதுக்கினால் பின்னால் ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன்.

பொட்டலங்கள். பச்சை நூல், அரக்கு நூல், ஊதா நூல். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பிரசவத்துக்கு முந்தின வாரம் கட்டிய கறுப்பு நூல் பொட்டலமும் இருந்தது. அடியில் கிடந்தது முதல் வாரத்துச் சிவப்பு. அதுவும் அவிழ்க்கப்படவில்லை. யாரும் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கையில் சிவப்புப் பொட்டலத்தோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மில்லிலிருந்து வந்ததும் டின்னைத் தூக்கி நடுவீட்டில் வைத்தேன்.

"எப்ப?"

தலையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டை இறக்கினார். "நீ போன அஞ்சாம் நாளு."

"எப்படி?"

"லாரி."

"எங்க புதைச்சீங்க?"

பின்பக்கம் முருங்கை மரத்தைக் காட்டினார். மூன்று நாளாக நான் குழந்தையின் மூத்திரத் துணியை அலசிய தண்ணீரெல்லாம் அந்த மரத்தடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"புள்ளத்தாச்சிகிட்ட யாரு இழவு சொல்லுவா? பெத்த பொறவு, பச்ச உடம்புக்காரி, இப்ப வேணாம்னு உங்கம்மா சொன்னாக. சரி, பொறவு சொல்லுவோம்னு இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே இருந்த. வாய் வரல."

"அந்த நாய்க்கதை?"

துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"சொம்புக்குள்ள தலையை விட்டது?"

"அது நான் சின்னப்பிள்ளையா இருக்கையில எங்க வீட்டு ஆடு செஞ்சது" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று கையில் இருந்த கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தேன். குழந்தை விழித்து அழுதது. அதையும் அவர்தான் தூக்கினார்.

சாவு என்றால் அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது. அன்று அழுது, பக்கத்தில் இருப்பவர்களும் அழுது, பிறகு மெல்ல மெல்ல ஆறிக்கொள்கிறோம். எனக்கு அந்த நாளே கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு எல்லாருக்கும் அது என்றோ செத்து, துக்கமும் ஆறிப்போயிருந்தது. எனக்கு மட்டும் அன்றுதான் செத்தது. யாரிடம் போய் அழுவது? 'இன்னுமா அந்தப் பூனைய நினைச்சுக்கிட்டிருக்க' என்று பார்ப்பார்கள். ஆத்திரம் அடைத்துக்கொண்டதால் அழுகையே வரவில்லை. அதுதான் என்னை அலைக்கழித்தது. மெஷினில் நூல் கோக்காமல், துணி வைக்காமல், கடகடவென்று மிதித்துக்கொண்டே இருந்தேன். ஜாக்கெட் கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ். நாய்க்குச் சொந்தக்காரர். எனக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே என்று ஆறுதலாகச் சொன்னார்:

"உன்னையத் தேடித்தானம்மா போச்சு அது. தெனம் சாயங்காலமானா ரோட்டைத் தாண்டிப் போயி அந்தப் புங்கமரத்தடியில ஒக்காந்துக்கிடும். பஸ் வந்து நின்னா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கும். உங்க வீட்டுக்காரரு போயித் தூக்கிட்டு வருவாரு. மறுநாளும் போயிரும். அன்னைக்கு அவருக்கு ரெண்டாம் ஷிப்ட். தூக்கிட்டு வர ஆளில்ல."

நான் உள்ளே போய் நின்றேன். மறந்துவிட்டது என்றாரே! நன்றிகெட்ட கழுதை என்று நான் வைத அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே, நான் கல்லெறிந்த அதே இடத்தில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்து அது செத்திருந்தது.

அவரிடம் சண்டைக்குப் போனேன். "தேடுதுன்னு சொன்னா நீ அன்னைக்கே பஸ் ஏறி வந்துருவியே" என்றார். உண்மைதான், வந்திருப்பேன். அது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

அப்பாவிடமும் சண்டை போடவேண்டியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அடுப்பு வேலை முடிந்து, சூடு ஆறின கையோடு உட்கார்ந்திருந்தார். "செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் வாராவாரம் எதுக்குக் கருவாடு வாங்குனீக? எம்புட்டுக் கேனச்சியாக்கிட்டீங்க என்னைய?" என்று கத்தினேன்.

"வாங்கலைன்னா நீ ஏன்னு கேப்பியே" என்றார்.

தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் வாங்கணும்போல இருந்துச்சு, தாயி" என்றார். நான் கொண்டுபோன சண்டையில் பாதிதான் போட முடிந்தது.

டின்னில் இருந்ததைத் தூக்கிப் போட வீட்டுக்காரருக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடைசியில் முருங்கை மரத்தடியில், பூனைக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டிப் பொட்டலங்களை நூலோடு வைத்து மூடினேன். உணர்ச்சிவேகத்தில் செய்தது. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வெள்ளை நாய் சுவரேறிக் குதித்து, முன்னங்காலால் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது. என் பூனை அறைந்ததாகச் சொன்ன அதே நாய். வாயில் ஊதா நூல் தொங்கியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க அதை விரட்டினேன். பார்த்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அன்று வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல், துணி துவைக்கிற கல்லைக் கடப்பாரை போட்டு நெம்பி, உருட்டிக் கொண்டுபோய் அந்த இடத்தின் மேல் போட்டார். வேர்வை சொட்டச் சொட்ட நின்றவரிடம் சொன்னேன்:

"இந்தக் கல்லுல கை வைங்க. இனிமே யாரு செத்தாலும், நான் எந்த நிலைமையில இருந்தாலும், அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும். கதை சொல்லக்கூடாது."

கையை வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் நான் துணி துவைத்ததில்லை. மாமியார் வரும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

தொண்ணூறுகள் பிறந்த சமயம் எனக்கு இரண்டாவது பிள்ளை. எட்டாம் மாதம். இரண்டாவது என்பதால் பிரசவத்தை ராஜபாளையத்திலேயே வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. மாமியார் துணைக்கு வந்திருந்தார். ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு, ஷிப்ட் பாதியில் வீட்டுக்காரர் வந்தார். தலையெல்லாம் பஞ்சு. மாமியாரைப் பின்பக்கம் கூப்பிட்டுப்போய் மெதுவாகப் பேசினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் தலையிலடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். இவர் அந்தக் கல் பக்கத்தில் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

நான் மெஷினைவிட்டு எழுந்து நின்றேன். ஏதாவது கதை சொல்லப்போகிறாரோ என்று பயமாக இருந்தது. அன்றைக்கு நான் பயந்தது அதற்குத்தான்.

"உங்க அப்பா தவறிட்டாக" என்றார். "காலையில, அடுப்பு முன்னாலயே. நெஞ்சுவலி. மில் ஆபீசுக்குப் போன் வந்துச்சு. உங்கிட்ட சொல்லவேணாம்னு உங்கம்மாவே சொல்லிவிட்டாக. எங்கம்மாவும் வேணாங்குது." கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நீ கெளம்பு. நான் கூட்டிட்டுப் போறேன்."

வாசலில் நின்று பார்த்தால் போதும், உள்ளே போகவேண்டாம் என்று மாமியார் அழுதுகொண்டே ஆயிரம் சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. மூத்தவளை அவரிடம் விட்டுவிட்டு, கட்டின சேலையோடு நடந்தேன். மெயின் ரோட்டைத் தாண்டிப் புங்கமரத்தடியில் போய் நின்றோம். பஸ் வரவில்லை. அந்த மரத்தடியில் நிற்கும்போதுதான் எனக்கு உடைந்தது. அப்பாவுக்காக அழ ஆரம்பித்தேன். பத்து விரலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அவரும், அதை நக்குகிற பூனையும் ஒன்றாகக் கண்முன் வந்தார்கள். இத்தனை வருஷம் வராத அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு அழுதேன் என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் நான் நினைக்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்காரர் என்னை அழாதே என்று சொல்லவில்லை. வெயில் படாதபடி பக்கத்தில் நின்றுகொண்டார்.

பஸ் வந்து நின்றது. படி உயரம். என் வயிற்றுக்கு அதில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. அவர் பின்னாலிருந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

"பாத்து ஏறு, ஏட்டி" என்றார்.

அந்தப் பெயரை, பூனைக்குப் பிறகு, அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டேன்.